இங்கிலாந்து கிளம்புற நம்ம வேலூர் புள்ளைங்களுக்கு: அந்த ஊரு காத்தையும் மழையையும் எப்படி சமாளிக்கறது

இங்கிலாந்து ஆஸ்பத்திரியில வேலை பாக்கற நான் லீவுக்கு காகிதப்பட்டறை வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. எதிர்வீட்டு அத்தை பொண்ணு நர்சிங் முடிச்சி இங்க 3 வருஷம் வார்டு டூட்டி பாத்துட்டு இப்ப இங்கிலாந்து கிளம்புது, மாசக் கடைசியில ஃபிளைட்டு. நேத்து சாயங்காலம் போனா கூடத்துல பெட்டிய தொறந்து போட்டு குடும்பமே சுத்தி ஒக்காந்து இருக்குது. உள்ள லாங் பஜார்ல வாங்கின மடக்கு குடை ரெண்டு, புளி, மொளகாத்தூள், அவங்க ஆயா தேடி எடுத்து வெச்ச மங்கி குல்லா. "அங்க எப்பவும் மழை பேஞ்சிக்கினே இருக்குமாமே, குடை ரெண்டு போதுமா, இன்னும் ஒண்ணு வாங்கிடட்டுமா"ன்னு அத்தை கேட்டாங்க. நான் ரெண்டு குடையையும் எடுத்து வெளிய வெச்சிட்டேன். ஏன்னு அந்த பொண்ணுக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒக்காந்து சொன்னேன், அதையே இங்கயும் எழுதறேன், ஏன்னா வருஷா வருஷம் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம்னு நம்ம பக்கத்துல இருந்து எவ்ளோ பேரு நர்ஸா, படிக்கிற புள்ளைங்களா கிளம்புறாங்க, நெறைய பேரு போய் எறங்குறது செப்டம்பர் அக்டோபர்ல, சரியா அந்த ஊரு வானம் பொரள ஆரம்பிக்கிற நேரம்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சிக்கோங்க, அங்க நீங்க சமாளிக்க வேண்டியது மழைய இல்ல, காத்த. மழை அளவுன்னு பாத்தா லண்டன்லயோ வடக்கால இருக்கற நியூகாசில்லயோ வருஷத்துக்கு சராசரியா 700 மில்லிமீட்டர் கூட தாண்டாது, நம்ம வேலூர்ல 900க்கு மேல பெய்யுது. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா அதான் நெசம். (மேக்கால லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பக்கம் போனா கதையே வேற, அங்க சில எடத்துல 3000 மில்லிமீட்டர தாண்டும்.) வித்தியாசம் என்னன்னா நம்ம ஊர்ல பகலெல்லாம் வெயில் காஞ்சி சாயங்காலம் மேகம் கட்டி ஒரு மணி நேரத்துல கொட்டித் தீத்துட்டு போயிடும், அங்க அதே தண்ணிய நாள் முழுக்க சல்லடையில சலிச்ச மாதிரி தூவும், நடுநடுவுல வெயில் அடிக்கும், திரும்ப தூவும், கூடவே காத்து, அதுவும் பத்து பன்னெண்டு டிகிரி குளிர்ல. நனையறது பிரச்சனை இல்ல, நனஞ்ச துணியோட அந்த காத்துல நிக்கறதுதான் பிரச்சனை, பத்தே நிமிஷத்துல ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சிடும்.

ஏன் இப்படி மாறி மாறி அடிக்குதுன்னு தெரிஞ்சிக்கிட்டா பாதி எரிச்சல் கொறஞ்சிடும். மேக்கால அட்லாண்டிக் கடல், தெக்குல இருந்து வெதுவெதுன்னு ஒரு காத்து, வடக்குல இருந்து சில்லுன்னு ஒண்ணு, ரெண்டும் அந்த கடலுக்கு மேல மோதுற எடத்துல தாழ்வழுத்தம் உருவாகும். மேல சுமார் 10 கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகமான காத்தாறு ஓடுது, அது இந்த தாழ்வழுத்தத்த எல்லாம் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா பிரிட்டன் பக்கம் இழுத்துக்கினு வரும். வடக்கு தெக்குக்கு நடுவுல சூடு வித்தியாசம் ஏற ஏற ஜெட்டும் பலமாகும், அதான் கோடை முடிஞ்சதும் ஆரம்பிக்கறது. ஒவ்வொண்ணும் வரும்போது மொதல்ல மேகம் மூடி மெல்லிசா தூறும், அப்புறம் கொஞ்சம் புழுக்கம், அப்புறம் திடீர்னு ஒரு பலத்த மழை காத்தோட அடிச்சிட்டு வானம் பளிச்சுனு ஆயிடும். அந்த பளிச்சு வானத்த பாத்து யாரும் ஏமாந்துடாதீங்க, குளிரு அதுக்கு அப்புறம்தான் எறங்கும். நான் முழுசா நடுங்கினதெல்லாம் மழை நின்னு வெயில் அடிச்ச மத்தியானத்துலதான்.

இப்ப குடை. நான் போனது 2021 செப்டம்பர். மூணாவது வாரமோ என்னவோ, நியூகாசில்ல பஸ் ஸ்டாப்புல நிக்கறேன், தூறல் விழுது, இங்க இருந்து எடுத்துட்டு போன குடைய பிரிச்சேன். தெரு முனையில இருந்து ஒரு காத்து வந்துச்சி பாருங்க, குடை வெளிப்பக்கமா திரும்பி கம்பி எட்டும் வானத்த பாத்து நிக்குது, ஒரு கம்பி துணிய விட்டு பிச்சிக்கினு என் கன்னத்துல கோடு போட்டுடுச்சி. பக்கத்துல நின்ன பாட்டிம்மா ஒண்ணும் பேசாம என் கையில இருந்து அத வாங்கி அழகா மடக்கி எதிர்ல இருந்த குப்பைத் தொட்டிய காட்டினாங்க. அந்த தொட்டிக்குள்ள ஏற்கனவே மூணு குடை செத்து கெடந்துச்சி. அந்த பாட்டிம்மா தலையில கோட்டோட ஹூட், கழுத்துல கயிறு இழுத்து கட்டி இருந்தாங்க, அவ்ளோதான் அவங்க ஏற்பாடு.

அதனால குடைக்கு பதிலா ஒரு நல்ல கோட்டு. இங்க வாங்காதீங்க, அங்க போய் எறங்கின மொத வாரமே வாங்குங்க, நம்ம ஊரு கடைக்கு அந்த காத்து தெரியாது. கடையில "வாட்டர் ரெசிஸ்டன்ட்"னு போட்டிருந்தா அது பத்து நிமிஷ தூறலுக்கு, "வாட்டர்ப்ரூஃப்"னு போட்டு உள்ள பொரட்டி பாத்தா தையல் மேல எல்லாம் டேப் ஒட்டி இருக்கணும், அதான் நெசமான மழைக்கோட்டு. ஹூட்ட இழுத்து கட்ட கயிறு இருக்கணும், நீளம் இடுப்புக்கு கீழ வரணும், ஒரு சைஸ் பெருசா எடுங்க, அப்பதான் உள்ள ஸ்வெட்டர் போட முடியும். புதுசு வெலை கட்டுப்படி ஆகலன்னா சாரிட்டி ஷாப்புல (மத்தவங்க தானமா குடுத்த பழைய பொருள விக்கிற கடை) பாருங்க, நல்ல கோட்டு கொறஞ்ச வெலைக்கு கெடைக்கும், அதுல ஒரு கவுரவக் கொறைச்சலும் இல்ல, அந்த ஊரு டாக்டருங்களே அங்க வாங்குறாங்க. ஒரே ஒரு தடியான ஸ்வெட்டர விட மெல்லிசா மூணு துணி மேல மேல போடறது நல்லது, ஏன்னா ரோட்டுல குளிரும், பஸ்ஸுக்குள்ள வேர்க்கும், வார்டுக்குள்ள இன்னும் வேர்க்கும், ஒண்ணு ஒண்ணா கழட்டலாம்.

ஷூ விஷயத்துல நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லவே வேணாம், ஆம்பூர்லயும் ராணிப்பேட்டையிலயும் தைச்ச ஷூதான் அந்த ஊரு கடைங்களுக்கே போகுது. ஆனா நனஞ்ச தோல் ஷூவ ஹீட்டர் மேல மட்டும் வெச்சிடாதீங்க. எங்க மாமா முப்பது வருஷம் தோல் ஷாப்புல வேலை பாத்தவரு, நான் போன புதுசுல ஃபோன்ல சொன்னாரு, "தோலுக்கு சூடு காட்டினா எண்ணெய் செத்து வெடிச்சிடும்மா, உள்ள பேப்பர கசக்கி திணி, நெழல்ல வை, பேப்பர் ஊறினா மாத்து"ன்னு. அதே மாதிரி செஞ்சி நாலு வருஷமா ஒரே ஷூ ஓடுது. அடிப்பாகம் மட்டும் நல்லா பிடிப்பா இருக்கணும், அக்டோபர்ல நடைபாதை முழுக்க இலை கொட்டி மழையில ஊறி வாழைப்பழத் தோல் மாதிரி ஆயிடும், எங்க வார்டுக்கு அந்த மாசத்துல மணிக்கட்டு ஒடஞ்சி வர்றவங்க எத்தனையோ பேரு. அதே இலை ரயில் தண்டவாளத்துல நசுங்கி பசை மாதிரி படிஞ்சி சக்கரம் வழுக்கும், அதனால அந்த மாசத்துல ரயில் லேட்டாகும், சில லைன்ல டைமே மாத்திடுவாங்க. டூட்டிக்கு ரயில்ல போறவங்க ஒரு வண்டி முன்னாடியே பாத்து கிளம்புங்க.

அடுத்தது, நிக்காதீங்க. நமக்கு இங்க என்ன பழக்கம், மழை வந்தா வண்டிய ஓரம் கட்டி ஒரு டீக்கடை ஓட்டுக்கு கீழ நின்னு டீ குடிச்சிட்டு விட்டதும் போறது. மழை நம்ம ஊர்ல ஒரு விசேஷம், எல்லாத்தையும் நிறுத்திட்டு அத வேடிக்கை பாப்போம், வெயில்ல காய்ஞ்ச ஊருக்கு அது நியாயமும் கூட. அங்க அப்படி நின்னீங்கன்னா நின்னுக்கினே இருக்க வேண்டியதுதான். நான் மொத மாசத்துல ஆஸ்பத்திரி வாசல்ல தூறல் விடட்டும்னு முக்கா மணி நேரம் நின்னேன், என் எதிர்லயே சின்னப் புள்ளைங்க, வயசானவங்க, நாய் கூட்டிட்டு வந்தவங்க எல்லாம் அதே தூறல்ல சாதாரணமா போயிக்கினு வந்துக்கினு இருக்காங்க, யாரும் ஓடல, யாரும் தலைய குனியல. அன்னையில இருந்து நானும் கோட்ட மாட்டிட்டு கிளம்பிடறது. பையில எப்பவும் ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு சின்ன துண்டு. போய் சேந்ததும் தலைய தொடச்சி சாக்ஸ் மாத்திட்டா நனஞ்சதே மறந்துடும்.

காலையில ஜன்னல பாத்து முடிவு பண்ணாதீங்க, எட்டு மணி வானத்துக்கும் பதினோரு மணி வானத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மெட் ஆஃபீஸ்னு அந்த ஊரு வானிலை ஆபீஸோட ஆப்ப போன்ல போட்டுட்டு மணிக்கு மணி பாருங்க. அதுல மழைப் படத்த மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, "கஸ்ட்"னு ஒரு நம்பர் இருக்கும், அதான் திடீர்னு தள்ளுற காத்தோட வேகம், மைல் கணக்குல. என் அனுபவத்துல 30 தாண்டினா குடை வேஸ்ட்டு. 40 தாண்டினா சைக்கிள் எடுக்க மாட்டேன். 50 தாண்டினா மரத்தடி வழிய விட்டு சுத்திப் போவேன். அதுக்கு மேல போனா வார்னிங் என்னன்னு தேடிப் பாப்பேன்.

வார்னிங் பத்தி கொஞ்சம் வெவரமா சொல்லணும். மஞ்சள், ஆம்பர், சிவப்பு. ஆம்பர்ங்கறது நம்ம ஊரு ஆரஞ்சு அலர்ட்டு மாதிரி. இங்க மழைன்னா ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் போன பாத்துக்கினு கலெக்டர் லீவு விட்டாரான்னு காத்திருப்போம், அங்க கலெக்டரும் கெடையாது, லீவும் அப்படி வராது, ஸ்கூல் மூடறதா இல்லையான்னு பெரும்பாலும் அந்தந்த ஸ்கூலே முடிவு பண்ணும், ஆஸ்பத்திரி எப்படியும் நடக்கும். முடிவு உங்க கையிலதான். மஞ்சள்னா போங்க, ஆனா நேரம் கூட வெச்சி போங்க. ஆம்பர்னா முன்னாடி நாளே மேனேஜர் கிட்ட பேசி எப்படி வர்றது எப்படி திரும்பறதுன்னு ஏற்பாடு பண்ணிடுங்க. சிவப்புன்னா வெளிய போறது உயிருக்கு ஆபத்துன்னு அர்த்தம், அது அபூர்வமாத்தான் வரும், வந்தா வீட்ட விட்டு வெளிய வராதீங்க, யாரு கூப்பிட்டாலும் சரி.

புயலுக்கு பேரு வெக்கறதும் உண்டு. 2015ல பிரிட்டன் மெட் ஆஃபீஸும் அயர்லாந்தும் சேந்து ஆரம்பிச்சது, 2019ல நெதர்லாந்தும் சேந்துச்சி, ஒவ்வொரு செப்டம்பரும் ஏ பி சின்னு புது லிஸ்ட்டு வரும். பாட்டி பேரு மாதிரி இருக்குதேன்னு லேசா எடுத்துக்காதீங்க. நான் போன மொத வருஷமே ஆர்வென் வந்துச்சி, 2021 நவம்பர் 26. நான் அப்ப நியூகாசிலுக்கு வடக்கால இருக்கற நார்தம்பர்லாந்துல ஒரு சின்ன ஊர்ல வாடகைக்கு ஒரு ரூம் எடுத்து இருந்தேன். மத்தியானமே சிவப்பு வார்னிங் வந்துடுச்சி. ராத்திரி காத்து ஊளை விடற சத்தம் இல்ல அது, லாரி ஒண்ணு வீட்ட ஒட்டி நின்னுக்கினு இன்ஜின ஏத்தி ஏத்தி விடற மாதிரி சத்தம், சொவரு லேசா அதிருது. எங்களுக்கு வடக்கால பிரிஸ்லி வுட்ங்கற எடத்துல 98 மைல் வேகம் பதிவாச்சி, நம்ம கணக்குல சுமார் 158 கிலோமீட்டர். பொதுவா அங்க காத்து தெக்கு மேக்குல இருந்து வரும், மரமெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி வேர் பிடிச்சி வளந்திருக்கும், ஆர்வென் வடக்குல இருந்து அடிச்சிது, அதனால நூறு வருஷ மரமெல்லாம் எதிர்பாக்காத பக்கத்துல இருந்து தள்ளு வாங்கி ஆயிரக்கணக்குல சாஞ்சிடுச்சி. சுமார் பத்து லட்சம் வீட்டுக்கு கரண்ட் போச்சி, சில கிராமத்துல ஒரு வாரத்துக்கு மேல வரல, எங்களுக்கு மூணு நாள்.

கரண்ட் போனா என்ன, நம்ம ஊர்ல பாக்காத பவர் கட்டான்னு நெனச்சேன். அங்க அப்படி இல்ல. அடுப்பு கரண்ட்டு, கெட்டில் கரண்ட்டு, கேஸ் பாய்லர் கூட கரண்ட் இல்லாம ஓடாது, அதனால ஹீட்டர் இல்ல, சுடுதண்ணி இல்ல. ரெண்டாவது நாள் செல் டவரும் போச்சி. அதே நவம்பர்ல இங்க பாலாத்துல வெள்ளம், வருஷமெல்லாம் மணலா கெடந்த ஆறு கரை பொரண்டு ஓடிச்சின்னு ஒரு வாரம் முன்னாடிதான் எங்கம்மா வீடியோ எடுத்து அனுப்பி இருந்தாங்க, நான் அங்க இருந்து அவங்களுக்காக பயந்துக்கினு இருந்தேன். இப்ப அவங்க எனக்காக. ரெண்டு நாள் கழிச்சி பக்கத்து டவுனுக்கு நடந்து போய் சிக்னல் கெடச்சி கூப்பிட்டா, அம்மா ஹலோ கூட சொல்லல, "இன்னாடி ஆச்சி உனக்கு"ன்னு ஒரே அழுகை. அதனால இத கட்டாயம் செய்யுங்க: புயல் பேரு அடிபட்ட அன்னைக்கே பவர் பேங்க் ரெண்டு சார்ஜ் போட்டு வைங்க, டார்ச்சு, ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி, பிரெட்டு, பழம், மாத்திரை எல்லாம் கைக்கு எட்டுற எடத்துல வைங்க, வீட்டுக்கு போன் பண்ணி "ரெண்டு நாள் லைன் கெடைக்கலன்னா பயப்படாதீங்க, சிக்னல் இல்லன்னு அர்த்தம்"னு முன்னாடியே சொல்லிடுங்க. கரண்ட் போனா 105க்கு கூப்பிடுங்க, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எங்க இருந்தாலும் அதே நம்பர், காசு கெடையாது. பக்கத்து வீட்டுல வயசானவங்க தனியா இருந்தா ஒரு தடவ கதவ தட்டிப் பாருங்க.

ரோட்டுல தண்ணி ஓடுனா, நம்ம ஊர்ல பாலாத்து தரைப்பாலத்துக்கு மேல தண்ணி போகும்போது எப்படி போலீஸ் கயிறு கட்டி நிறுத்துவாங்களோ அதே புத்திய அங்கயும் வெச்சிக்கோங்க, வேகமா ஓடுற தண்ணி 30 சென்டிமீட்டர் இருந்தா போதும் காரே நகந்துடும். கடற்கரை ஊர்ல இருக்கறவங்க அலை பாக்க, போட்டோ எடுக்கன்னு புயல் நேரத்துல கடலோரம் போகவே போகாதீங்க.

இந்த எச்சரிக்கை பழக்கமே ஒரு அக்டோபர் புயல்ல பொறந்ததுதான். 1859ல ராயல் சார்ட்டர்னு ஒரு கப்பல் வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி கரையில மோதி 400க்கு மேல பேரு செத்துப் போனாங்க, வீட்டுக்கு ஒரு நாள் தூரத்துல. மெட் ஆஃபீஸ ஆரம்பிச்ச ஃபிட்ஸ்ராய் அதுக்கு அப்புறம்தான் தந்தி மூலமா துறைமுகங்களுக்கு புயல் எச்சரிக்கை அனுப்பற ஏற்பாட்ட 1861ல கொண்டு வந்தாரு. போன்ல டொய்ங்னு ஒரு மஞ்சள் வார்னிங் வந்தா எனக்கு அந்த கப்பல்தான் ஞாபகம் வரும், அத தள்ளி விட மனசு வராது.

இனி பேச்சு. அந்த ஊர்ல வானத்த பத்தி பேசறதுன்னா நம்ம "சாப்டியா" மாதிரி. லிஃப்ட்டுல, பஸ் ஸ்டாப்புல, பேஷன்ட் படுக்கை கிட்ட யாராவது "மிஸரபிள் டுடே, இஸின்ட் இட்"னு (இன்னைக்கு ரொம்ப மோசம், இல்ல?) சொன்னா அது வானிலை அறிக்கை இல்ல, உன்கூட ரெண்டு வார்த்தை பேசலாமாங்கற கேள்வி. ஆமான்னு சொல்லணும், கூட ஒரு வரி சேக்கணும், "காத்துதான் தாங்கல" அப்படின்னு ஏதாவது. இல்லயே, எனக்கு பிடிச்சிருக்குதேன்னு எதிர்த்து பேசினா பேச்சு அங்கயே நின்னுடும். அவங்க "எ பிட் பிரீஸி"ன்னு (லேசா காத்து) சொன்னா நம்ம கணக்குல நல்ல காத்து, கோட்ட எடுங்க. "பிரைட்டனிங் அப்"னு (வானம் வெளுக்குது) சொன்னா இப்ப மழை பேஞ்சிக்கினு இருக்குது, ஆனா நம்பிக்கையா இருக்காங்க. "நாட் டூ பேட்"னா (அவ்ளோ மோசமில்ல) அருமையான நாள், துணிய வெளிய காய போடுங்க. நான் வார்டுல பேசாத வயசானவங்கள எல்லாம் இந்த பேச்சாலதான் பேச வெச்சேன். ஒரு தாத்தா மூணு நாள் வாயே தொறக்கல, ஜன்னல்ல ஆலங்கட்டி விழுந்துச்சி, எங்க ஊர்ல மே மாசத்துல 42 டிகிரி அடிக்கும்னு சொன்னேன், மெதுவா திரும்பி "ஃபார்ட்டி டூ"ன்னு கேட்டாரு, அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாரு.

இருட்டுக்கு தயாரா இருங்க, இத யாரும் முன்னாடியே சொல்ல மாட்டேங்கறாங்க. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழமை ராத்திரி 2 மணிய 1 மணின்னு பின்னால திருப்புவாங்க, அன்னைக்கு நைட் டூட்டி மாட்டினா 12 மணி நேரம் 13 ஆகும். வீட்டுக்கும் உங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம் அஞ்சரை ஆயிடும், அம்மாவுக்கு போன் பண்ற நேரத்த மாத்திக்கோங்க. நவம்பர் கடைசியில வடக்குப் பக்கம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும். நம்ம வெயிலூர்ல வளந்த ஒடம்புக்கு அது ஒரு பெரிய அடி, காரணமே இல்லாம அழுகை வரும், தூக்கம் தூக்கமா வரும். அது உங்க தப்பு இல்ல. மத்தியான சாப்பாட்டு நேரத்துல இருபது நிமிஷம், மேகமா இருந்தாலும் பரவால்ல, வெளிய நடங்க. வைட்டமின் டி மாத்திரை தெனம் 10 மைக்ரோகிராம், அக்டோபர்ல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் எல்லாருக்கும் அந்த ஊரு அரசாங்க மருத்துவ சேவை என்எச்எஸ் சொல்றது, நம்ம மாதிரி தோல் நெறம் கூட இருக்கறவங்க வருஷம் முழுக்க எடுத்துக்கறத பத்தி யோசிக்கணும்னும் சொல்றாங்க. மறக்காதீங்க. ரெண்டு மூணு வாரமா மனசு எழும்பவே இல்லன்னா வாய மூடிக்கினு இருக்காம டாக்டர் கிட்ட போய் சொல்லுங்க.

வீட்டுக்குள்ள ஈரம் இன்னொரு தலைவலி. மாடியில கொடி கட்டி காய போடற சுகம் அங்க இல்ல, ரூமுக்குள்ள துணிய விரிச்சா அந்த ஈரம் எல்லாம் சொவத்துல ஏறி மூலையில கருப்பு பூசணம் பிடிக்கும், அப்புறம் இருமல். துணி காயற ரூம் கதவ மூடி ஜன்னல கொஞ்சமா தொறந்து வைங்க, கட்டிலும் பீரோவும் சொவத்த ஒட்டாம நாலு விரல் தள்ளி இருக்கட்டும், சமைக்கும்போது ஃபேன போடுங்க. இட்லி மாவு மட்டும் பொங்காது, எத்தனை மணி நேரம் வெச்சாலும். ஓவன்குள்ள மாவ வெச்சி, ஓவன ஆன் பண்ணாம, உள்ள இருக்கற லைட்ட மட்டும் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க, காலையில நம்ம வீட்டு மாவு மாதிரியே எழும்பி நிக்கும்.

இவ்ளோத்தையும் சொல்லி முடிச்சி எழுந்தேன். ஆயா அது வரைக்கும் ஒண்ணும் பேசாம வெத்தலை இடிச்சிக்கினு இருந்தாங்க. பெட்டியில இருந்து மங்கி குல்லாவ எடுத்து, "அப்ப இதுவும் வேணாமா"ன்னு கேட்டாங்க. காத்துக்கு மொதல்ல வலி எடுக்கறது காதுதான், அந்த குல்லா காது, கழுத்து, நெத்தி எல்லாத்தையும் மூடுது. அத வாங்கி நானே மடிச்சி குடை இருந்த எடத்துல வெச்சேன்.